மன்னன் நோயும் பரினெல்லியின் பாட்டும்

இசை மனநோயைத் தீர்க்குமோ என்று என் மாணவர் ஒருவர் அண்மையில் வினாவினார். தீர்க்கும் என ஒரு சொல்லில் விடையிறுத்தல் எளிது. மழை பெய்வித்த இராகங்களையும் விளக்கேற்றிய இராகங்களையும் அடுக்கிக் கூறி அவையோரை மகிழ்விப்பாரும் உளர். எனக்கோ அத்தகைய விடைகளில் மனம் பற்றவில்லை. இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் இன்னது நிகழ்ந்தது எனச் சான்று காட்டத்தக்க வரலாறொன்று வேண்டுமெனத் தேடியபோது நினைவுக்கு வந்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்று விளங்கிய பரினெல்லி என்னும் பாடகரின் வாழ்வு. நோயுற்ற அரசன் ஒருவனுக்காக அவர் ஒன்பது ஆண்டுகள் இரவுதோறும் பாடினார். அவ்வொன்பது ஆண்டுகளின் அருமை விளங்கவேண்டுமாயின், அவர் எதனை விட்டு அங்குச் சென்றார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இத்தாலியின் தென்கிழக்கிலே அப்பூலியா என்னும் பகுதியில் அந்திரியா என்றோர் ஊர் உண்டு. அங்கே 1705 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24 ஆம் நாள் கார்லோ புரொஸ்கி பிறந்தார். பரினெல்லி என்பது பின்னர் அரங்கிலே வழங்கிய பெயர். தந்தை சல்வத்தோரே அவ்வூர்ப் பேராலயத்தில் இசைக்குழுவை நடத்திய இசைவாணர். தமையன் ரிக்கார்தோவும் இசையமைப்பதில் வல்லவரானார். இளையவருக்கு வாய்த்தது குரல். குடும்பம் இசைக்குப் பெயர்போன நேப்பிள்ஸ் நகரிற் குடியேறிய சில ஆண்டுகளில், 1717 இல், தந்தை இளவயதிலேயே காலமானார். கார்லோவுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

இனிக் கூறுவது கூறக் கூசும் செய்தி. எனினும் அதனைக் கூறாதுவிடின் இவ்வரலாறு குறைபடும். அக்கால இத்தாலியில் தேவாலயப் பாடற் குழுக்களிலே பெண்கள் பாடுதல் விலக்கப்பட்டிருந்தது. பாப்பரசரின் ஆட்சிக்குட்பட்ட நகரங்களில் நாடக அரங்கேறவும் அவர்களுக்கு இடமில்லை. சிறுவரின் உச்சக் குரலோ பருவம் எய்தியதும் உடைந்துபோம். ஆதலின் நல்ல குரல் வாய்ந்த சிறுவருக்குப் பருவம் எய்துமுன்னரே சத்திர சிகிச்சை செய்து ஆண்மையை நீக்கிவிடும் கொடிய வழக்கம் அங்கு வேரூன்றியிருந்தது. உடல் வளரும், மார்பு விரியும், மூச்சின் வலிமை பெருகும். குரல்வளை மட்டும் சிறுவனுடையதாகவே நின்றுவிடும். சட்டம் இதனைத் தடுத்தமையால், குதிரையினின்று வீழ்ந்தான், மருத்துவத்தின் பொருட்டுச் செய்யவேண்டியதாயிற்று எனக் காரணங் காட்டுதல் குடும்பத்தார் வழக்கம். கார்லோவைப் பற்றியும் இவ்வாறே ஒரு கதை கூறப்பட்டது. இவ்வாறு ஊனப்படுத்தப்பட்ட சிறுவருள் புகழ்பெற்றோர் மிகச் சிலரே. ஏனையோர் குடும்பமும் இன்றிப் புகழும் இன்றி ஊர்ப்புறத் தேவாலயங்களிலே பாடி மறைந்தனர். கலையின் பொருட்டு நிகழ்ந்ததன்றோ என்று இதனைப் பொறுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. பிறருடைய மனப்புண்ணை ஆற்றிய குரல், ஒரு சிறுவனைப் புண்படுத்திப் பெற்ற குரல் என்பதை இவ்வரலாற்றைப் படிப்போர் இறுதிவரை மறத்தலாகாது.

நேப்பிள்ஸ் நகரிலே நிக்கொலா போர்ப்போரா என்னும் பேராசிரியரிடம் கார்லோ பயின்றார். மூச்சை அடக்கவும், ஒரே சுரத்தை நூலிழைபோல் மெல்லெனத் தொடங்கிப் பெருக்கிப் பின் தேய்த்து நிறுத்தவும், அலங்காரங்களைச் சிந்தாமற் சிதறாமற் பாடவும் அவரிடமே கற்றார். 1720 இல், பதினைந்தாம் வயதிலே, போர்ப்போரா இசையமைத்த சிறு நாடகமொன்றில் அவர் முதன்முதல் அவையேறினார். அந்நாடகத்தின் சொல்வடிவத்தை இயற்றியவர் மெட்டஸ்டாசியோ என்னும் இளங்கவிஞர். அவருக்கும் அரங்கிலே அதுவே முதலாக்கம். ஒரே நாளிற் கலையுலகிற் பிறந்தோம் என்னும் எண்ணத்தால் இருவரும் ஒருவரையொருவர் இரட்டையர் என்றே அழைத்துக்கொண்டனர். அந்நட்பு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

1722 இல் உரோமாபுரியில் நிகழ்ந்த போட்டியொன்று அவர் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. நாடகத்திலே ஒரு பாட்டுக்கு எக்காளம் ஊதும் கலைஞர் ஒருவர் துணைநின்றார். முதலில் விளையாட்டாகத் தொடங்கிய போட்டி, அவையோர் இருபக்கமாகப் பிரிந்து ஊக்கவே இரவுதோறும் வளர்ந்தது. ஓரிரவு இருவரும் ஒரே சுரத்தை நீட்டிப் பெருக்கி நின்றனர். மூச்சு முடிந்தது என எண்ணி எக்காளக்காரர் ஓய, பதினேழு வயதினரான பரினெல்லியோ புன்முறுவலுடன் அதே மூச்சிலே மேலும் அலங்காரங்களைப் பெய்து பாடினாராம். அவையோரின் ஆரவாரமே அவரை இறுதியில் நிறுத்திற்று என்பர். இச்செய்தியைப் பிற்காலத்தில் எழுதிவைத்தவர் சாள்ஸ் பேர்ணி என்னும் ஆங்கில இசை வரலாற்றாசிரியர். சிறிது மெருகேறிய கதையாகவும் இருக்கலாம்; ஆயினும் அக்குரலின் வலிமைக்குச் சான்று கூறுவோர் பேர்ணி ஒருவர் மட்டுமல்லர்.

வியப்பு வேறு, உருக்கம் வேறு. இவ்வேற்றுமையைப் பரினெல்லி உணர்ந்த இடம் வியன்னா. 1732 இல் பேரரசர் ஆறாம் சாள்ஸ் முன்னிலையில் அவர் பாடியபோது, இசை நன்கறிந்த அப்பேரரசர் அவரைத் தனியே அழைத்து அறிவுரை கூறினார். நெடுந்தாண்டல்களும் முடிவிலாத சுரக் கோவைகளும் கேட்போரைத் திகைக்க வைக்குமேயன்றி அவர் நெஞ்சைத் தொடா என்றும், உள்ளங்களைக் கவர விரும்பின் எளிய வழியிலே நடத்தல் வேண்டும் என்றும் அவர் உணர்த்தினார். அன்றுதொட்டுத் தம் பாடும் முறையையே மாற்றிக்கொண்டதாகப் பரினெல்லி முதுமையிலே பேர்ணியிடம் கூறினார். பாராட்டு மழையில் நனைந்துகொண்டிருந்த இருபத்தேழு வயதினர், குறையெனச் சுட்டப்பட்டதை ஏற்றுத் திருந்தினார். வித்துவான்களிடத்தே இது அரிய பண்பு.

அம்மாற்றத்தின் பயன் இலண்டனிலே தெரிந்தது. ஹாண்டெலின் இசைநாடகக் குழுவுக்கு எதிராகப் பிரபுக்கள் சிலர் அமைத்த குழுவிலே சேர்ந்து 1734 ஒக்டோபரில் அங்கே முதன்முறை பாடினார். அரங்கிலே கொடுங்கோலன் வேடம் தாங்கி நின்றவர் செனசீனோ, அவரும் அக்காலப் பெரும் பாடகர். சிறைப்பட்ட நாயகன் வேடத்திற் பரினெல்லி. சங்கிலி பூண்ட கைகளுடன் அவர் பாடிய முதற்பாட்டின் உருக்கத்திலே செனசீனோ தம் வேடத்தை மறந்து, அழுதுகொண்டே ஓடிவந்து கைதியைத் தழுவிக்கொண்டார் என்று பேர்ணி எழுதுகின்றார். மூன்று ஆண்டுகள் இலண்டன் மாநகர் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. பொன்னும் மணியும் பரிசுகளாகக் குவிந்தன. இடையிலே இரு குழுக்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பொருளிழந்து தேய்ந்தன. 1737 கோடையிலே மீண்டும் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டவர், பின்னர் அந்நகரத்தைக் காணவேயில்லை. ஸ்பெயின் தேசத்து இராணியிடமிருந்து அழைப்பு வந்திருந்தது.

அங்கே அரசு செலுத்தியவன் ஐந்தாம் பிலிப்பு. பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயியின் பேரன். பதினாறு வயதிலே, மொழியும் அறியாத நாட்டுக்கு மன்னனாக வந்தவன். வந்தவுடன் அவ்வரசுரிமை பற்றிப் பதின்மூன்று ஆண்டுப் போர் மூண்டது. போர் முடியுந் தறுவாயில், 1714 இல், அன்பு மனைவி இறந்தாள். போர்க்களத்தில் அஞ்சாதவன் என்று பெயரெடுத்த அவனை அரண்மனைக்குள்ளே ஒரு பெருஞ்சோர்வு அவ்வப்போது வந்து பற்றிக்கொண்டது. 1724 ஜனவரியில் முடியைத் துறந்து மூத்த மகன் லூயிசிடம் ஒப்படைத்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலே அம்மகன் அம்மை நோயால் மாண்டான். துறந்த முடியை மீண்டும் சூடவேண்டியதாயிற்று.

அதன்பின் நோய் முற்றியது. பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் கொண்டான். விடியற் சாமத்திலே உணவு கேட்பான். ஆடை மாற்ற மறுப்பான். முகம் மழிக்கவும் நகம் வெட்டவும் எவரையும் விடான். கால்நகம் வளர்ந்து நடப்பதே அரிதாயிற்று. இறந்துவிட்டேன் என்று கூறிப் படுக்கையிற் கிடந்த நாட்களும் இருந்தன. இதனை இருதுருவ மனநோய் எனக் கருதுவாருளர். அக்காலத்தார் துயர்நோய் என்ற பொதுப்பெயரால் அழைத்தனர்; இரத்தம் வடித்தலும் பேதி கொடுத்தலுமே அவர்கள் அறிந்த மருந்துகள்.

இரண்டாம் மனைவியான இராணி எலிசபெத்து பர்னேசே இத்தாலியின் பார்மா நகரத்தவள். அவளைப் பேராசை பிடித்தவள் என்று வரலாற்றாசிரியர் பலர் பழிப்பர். பழிப்பில் உண்மையும் இருக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்நோயாளியின் பக்கத்தைவிட்டு அகலாதவள் அவளே. மருத்துவர் கைவிட்ட நிலையிலே, தன் தாய்நாட்டுப் பாடகரை வரவழைக்கலாம் என்று எண்ணியவளும் அவளே. பார்மா நகரிலும் பாடிப் புகழ்பெற்றிருந்தார் பரினெல்லி. அவர் பெயர் அவளுக்குப் புதிதன்று.

1737 ஆகஸ்டிலே, மட்றிட் நகருக்கு வடக்கே மலையடிவாரத்தில் உள்ள லா கிராஞ்சா அரண்மனைக்குப் பரினெல்லி வந்துசேர்ந்தார். மன்னன் படுத்திருந்த அறைக்கு அடுத்த அறையிலே இசைக்கருவியாளருடன் அவரை நிறுத்தினாள் இராணி. நோயாளியின் முன் கொண்டுபோய் நிறுத்தவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். எவரையும் காண விரும்பாதவன் முன்னே புதியவர் ஒருவர் சென்று நின்றிருப்பின் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். குரல் மட்டும் கதவைக் கடந்து சென்றது. முதலில் மன்னன் வியந்தான், பின்னர் உருகினான். இரண்டாம் பாட்டு முடிந்ததும் பாடியவரை அழைத்துவரச் செய்து, வேண்டியதைக் கேட்கலாம் என்றான். பரினெல்லிக்கு இராணி முன்னரே சொல்லிவைத்திருந்தாள். பொன்னை அவர் கேட்கவில்லை. மன்னன் எழுந்து, முகம் மழித்து, நல்லாடை உடுத்து, மந்திரிசபைக்கு எழுந்தருளுவதே தாம் விரும்பும் பரிசு என்று கேட்டுக்கொண்டார். மன்னன் எழுந்தான்.

பேர்ணி கூறும் இக்காட்சியிலே கதைக்குரிய மெருகு சிறிது இருத்தல் கூடும். ஆயினும் அம்மாதமே பரினெல்லியை அரச குடும்பத்தின் நேர்ப் பணியாளராக நியமித்து ஆணை பிறந்தது உறுதி. மன்னனுக்கும் இராணிக்கும் அன்றி வேறெவருக்கும் அவர் கட்டுப்பட்டவரல்லர் என்றும், வேறெவருக்காகவும் பாடவேண்டியவரல்லர் என்றும் ஆயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. குரல் உச்சநிலையில் இருந்த காலம். இதன்பின் அவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். பொது அரங்கில் ஒருநாளும் பாடினாரல்லர்.

இரவுதோறும் அதே நான்கு பாட்டுகளையே ஒன்பது ஆண்டுகளும் பாடினார் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. அவற்றுள் இரண்டு, ஹாசே என்னும் ஜேர்மானிய இசைப்புலவர் அமைத்த அர்த்தசேர்சே என்ற நாடகத்தைச் சேர்ந்தவை. கணக்கிட்டுப் பார்த்து மூவாயிரத்து அறுநூறு முறை பாடினார் என்று எழுதினாரும் உளர். ஆனால் 1738 இல் பொலோஞா நகரத்து நண்பரான பெப்போலி பிரபுவுக்கு அவரே எழுதிய கடிதமொன்று கிடைத்துள்ளது. நாள்தோறும் எட்டு ஒன்பது பாட்டுகள் பாடவேண்டியிருப்பதாகவும், ஓய்வென்பதே இல்லையென்றும் அதிற் கூறுகின்றார். நான்கு பாட்டுக் கதை கேட்பதற்கு அழகியது. கடிதத்திலுள்ள களைப்பே உண்மையானது. இலண்டன் அரங்கிலே ஒரு பாட்டு முடிந்ததும் எழும் ஆரவாரம் இங்கில்லை. நள்ளிரவு தாண்டிய வேளை, திரையிட்ட அறை, நோயாளி ஒருவன், அவன் மனைவி. நாளையும் இதுவே, மறுநாளும் இதுவே.

ஹாசேயின் அவ்விரு பாட்டுகளின் பொருளை நோக்கினால் ஒரு செய்தி புலனாகும். அவற்றுள் ஒன்று குற்றமுற்ற நெஞ்சின் அச்சத்தைக் கூறுவது. மற்றொன்று இறுதியாகத் தழுவி விடைபெறுதலைக் கூறுவது. இரண்டும் துயரப் பாட்டுகளே. துயருற்றவனுக்கு மகிழ்ச்சிப் பாட்டுப் பாடுதல் வேண்டும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். இழவு வீட்டிற்குச் சென்று வேடிக்கை பேசுவாரை எவரும் விரும்புவதில்லை. மன்னனின் நெஞ்சில் ஏற்கனவே இருந்த அச்சத்தையும் பிரிவையும் அப்பாட்டுகள் அளவும் ஒழுங்கும் பெற்ற வடிவிலே வெளியே கொணர்ந்து அவன்முன் வைத்தன. உள்ளே கிடந்து உறுத்தியது செவிவழி இனியதாய் வந்தது. அவன் ஆறுதல் கண்டது அங்கே என்பது என் கருத்து.

மற்றொரு செய்தியும் உண்டு. அரசவையார் அதனைப் பிறர் அறியாதவாறு மறைக்க முயன்றனர். பாட்டுகளைக் கேட்டுக்கேட்டு மன்னன் தானும் பாடத் தொடங்கினான். பரினெல்லி பாடி முடித்ததும், சிலவேளை பாடும்போதே, ஒவ்வொரு பாட்டாக அவரைப்போலவே பாட முயல்வான். குரல் ஊளையாக எழும். புறத்தார் எவரும் கேளாதவாறு இயன்ற ஏற்பாடெல்லாம் செய்தனர் என்று ஆங்கிலத் தூதர் கீன் தம் அரசுக்கு எழுதினார். தூதர் இதனை ஏளனமாகவே எழுதினார். அரண்மனையில் உள்ளோரும் வெட்கினர். மாதக்கணக்கில் வாய்திறவாது கிடந்தவன் வாய்திறந்து பாடினானே என்று மகிழ்ந்தார் எவரேனும் இருந்தனரோ என எண்ணிப் பார்க்கின்றேன். இரண்டாம் உலகப் போரிற் காயமுற்றோர் தங்கிய மருத்துவமனைகளில் இசையைப் பயன்படுத்திக் கண்ட அநுபவத்தின்பின், 1950 இல் அமெரிக்காவில் இசைச் சிகிச்சையாளருக்கெனத் தேசிய சங்கம் ஒன்று தோன்றிற்று. இன்று அது தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. குறித்த வேளை தவறாமை, நோயாளிக்குப் பழகிய பாட்டு, நோயாளியும் தன்னாலியன்றவாறு சேர்ந்து பாடுதல் என அத்துறையார் பேணும் முறைகள் பல அவ்வரண்மனை அறையிலே அன்றே இருந்தன. மூன்றாவது மட்டும் வெட்கத்துக்குரியதெனக் கருதி மூடப்பட்டது.

நோய் தீர்ந்ததா? தீரவில்லை. மன்னன் சிற்சில காலம் தெளிந்து அரசியலைக் கவனிப்பான். மீண்டும் சோர்ந்து கிடப்பான். இரவைப் பகலாக்கும் வழக்கமும் ஒழியவில்லை. மருந்தால் ஆகாததை இசை செய்து முடித்தது என்று பறைசாற்றுவோர் இவ்வொன்பது ஆண்டுகளைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆயினும் 1737 இலே படுக்கையினின்று எழாது கிடந்தவன், 1746 ஜூலை 9 ஆம் நாள் திடீரெனத் தாக்கிய வாதநோயால் இறக்கும்வரை அரசனாகவே இருந்தான். ஒவ்வோர் இரவும் எதிர்பார்த்திருக்க ஒரு வேளையும், கேட்டபின் உறங்க ஓர் அமைதியும் அவனுக்கு இருந்தன. நீரில் அமிழ்வோனைக் கரையேற்றுதல் ஒன்று; தலை நீர்மேல் நிற்கத் தாங்கிக்கொண்டிருத்தல் ஒன்று. பரினெல்லி செய்தது பின்னையது.

இத்துணை நெருக்கமாக அரசனிடம் இருந்தவர் விரும்பியிருப்பின் மந்திரிகளை ஆக்கவும் அழிக்கவும் கூடும். அவரோ கையூட்டை நெருங்கவிடவில்லை, கட்சிகளிலும் சேரவில்லை. பகைவரும் அவர் ஒழுக்கத்தைப் போற்றினர். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. அரண்மனை விழாவுக்காக உயர்ந்த ஆடையொன்றைத் தைத்துவந்த தையற்காரர் கூலி பெற மறுத்தார். மன்னர் மட்டுமே கேட்கும் அக்குரலை ஒருமுறை கேட்டாற் போதும் என்றார். பரினெல்லி பலமுறை மறுத்தும் அவர் விடவில்லை. இறுதியிலே கதவை அடைத்து, தையற்காரர் ஒருவரையே அவையாகக் கொண்டு, அரசவையிற் பாடுவதுபோலவே முழுமையாகப் பாடினார். கண்ணீர் மல்க விடைபெற எழுந்தவரை நிறுத்தி, உமது விருப்பத்துக்கு நான் இணங்கினேன், என் விருப்பத்துக்கு நீர் இணங்கும் என்ற கருத்துப்படக் கூறி, கூலியை இரட்டிப்பாகக் கொடுத்தனுப்பினாராம்.

பிலிப்பின்பின் அரசுகட்டில் ஏறியவன் முதல் மனைவியின் மகனான ஆறாம் பெர்தினாந்து. தந்தையின் சோர்வுநோய் அவனையும் தொடர்ந்தது. அவன் மனைவி பார்பரா போர்த்துக்கல் நாட்டவள். டொமெனிக்கோ ஸ்கார்லாத்தியிடம் பயின்று இசைக்கருவி வாசிப்பதில் தேர்ந்தவள். இக்காலத்திலே பரினெல்லியின் பணி விரிந்தது. புவென் ரெத்திரோ அரண்மனையின் இசைநாடக அரங்கை நடத்தினார். வியன்னாவிலிருந்த மெட்டஸ்டாசியோவிடமிருந்து நாடகங்களை வருவித்தார். அரன்குவெசு என்ற ஊரில் தேகஸ் ஆற்றிலே அரச படகுகளின் அணியொன்றை அமைத்தார். கோடைக்கால மாலைகளில் மன்னனும் இராணியும் அப்படகுகளில் உலாவர, நீரின்மீது இசை நிகழ்ந்தது, பரினெல்லியும் பாடினார். 1750 இல் கலத்திராவா என்னும் உயர்குல வீரர் அணியிற் சேர்த்து மன்னன் அவரைச் சிறப்பித்தான். ஒடுங்கிய அறையில் ஒருவனுக்காகப் பாடிய காலம் போய், ஆற்றங்காற்றிலே பலர் கேட்கப் பாடும் காலம் வந்தது. அவர் வாழ்வில் இவையே இன்பமான ஆண்டுகள் என நினைக்கின்றேன்.

1758 ஆகஸ்டிலே பார்பரா இறந்தாள். பெர்தினாந்து வில்லவிசியோசா என்னும் ஊரிலுள்ள கோட்டைக்குட் சென்று ஒடுங்கினான். உணவையும் உறக்கத்தையும் வெறுத்தான். சித்தம் முற்றும் கலங்கி ஓராண்டு நிறைவதற்குள், 1759 ஆகஸ்ட் 10 ஆம் நாள், மாண்டான். தந்தை ஒன்பது ஆண்டுகள் தாங்கப்பட்டான். மகன் ஓராண்டும் தாங்கவில்லை. தந்தைக்கு இசையோடு பக்கத்திலே அவனை எழுப்பவும் உடுத்தவும் உண்பிக்கவும் எலிசபெத்து இருந்தாள். மகனுக்கு அப்படி இருந்தவளே இறந்துபோனாள். இவ்வேற்றுமையைக் காணாது பாட்டின் பெருமையை மட்டும் பேசுவோர் பாதியையே பேசுகின்றனர்.

புதிய மன்னன் மூன்றாம் சாள்ஸ், எலிசபெத்தின் மகன், இசையிலே நாட்டமில்லாதவன். உதவித்தொகையை நிறுத்தாமல் பரினெல்லிக்கு விடைகொடுத்தான். 1760 இல் ஸ்பெயினை நீங்கி, பொலோஞா நகர்ப்புறத்தே முன்னர் வாங்கியிருந்த நிலத்திலமைந்த தமது மாளிகையிற் குடியேறினார். சுவர்களிலே அரசர்களின் ஓவியங்கள், கூடத்திலே இசைக்கருவிகள். அக்கருவிகளுக்கு இரபாயேல், கொரெஜ்ஜியோ முதலிய ஓவியர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார். பார்பரா தன் மரணசாசனத்தில் தன் சிறந்த கருவிகளையும் இசை ஏடுகளையும் அவருக்கே எழுதிவைத்திருந்தாள். 1770 இல் தந்தையுடன் இத்தாலியிற் பயணஞ் செய்த பதினான்கு வயதுச் சிறுவன் மோசாட் அங்கு வந்து அவரைக் கண்டான். அதே ஆண்டில் பேர்ணியும் வந்தார். நாம் மேலே கண்ட செய்திகள் பல அப்போது அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதப்பட்டவை. முதியவர் பாடுவதை விட்டிருந்தார். கருவிகளை வாசித்துத் தாமே கேட்டுக்கொண்டிருந்தார். மன்னருக்குப் பாடியவருக்குப் பாட அம்மாளிகையில் ஒருவரும் இல்லை.

இரட்டையரில் ஒருவரான மெட்டஸ்டாசியோ 1782 ஏப்ரலில் வியன்னாவிற் காலமானார். மற்றவர் அதே ஆண்டு செப்டெம்பரில் பொலோஞாவில் மறைந்தார். கப்பூச்சின் துறவியர் மடத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார். நெப்போலியன் படையெடுப்புக் காலத்தில் அவ்விடம் அழிவுற, 1810 இல் உறவினளொருத்தி எச்சங்களை அந்நகரின் செர்த்தோசா மயானத்துக்கு மாற்றினாள். 2006 இல் ஆய்வாளர் அக்கல்லறையைத் திறந்து எலும்புகளைச் சோதித்தனர். நீண்ட கைகால் எலும்புகளின் வளர்ச்சியிலே சிறுவயதிற் செய்யப்பட்ட அச்சத்திரத்தின் தடங்கள் தெரிந்தன. பார்பராவுக்கெனப் படியெழுதப்பட்ட ஸ்கார்லாத்தியின் இசை ஏடுகளிற் பதினைந்து தொகுதிகள் வெனிஸ் நகரத்து மார்சியானா நூல்நிலையத்தில் இன்றும் உள. அவற்றை ஸ்பெயினிலிருந்து இத்தாலிக்குக் கொணர்ந்தவர் பரினெல்லியே என்பர்.